வாஷிங்டன் சுந்தர்: வரவும் செலவும்

3.20 கோடி, 8.75 கோடி, மறுபடியும் 3.20 கோடி. ஐபிஎல் ஏலத்தில் வாஷிங்டன் சுந்தர் பெயருக்கு எதிரே விழுந்த தொகைகள் இந்த மூன்றும்தான். முதல் தொகையை 2018-இல் பெங்களூரு கொடுத்தது. இரண்டாவதை 2022-இல் ஹைதராபாத் கொடுத்தது. மூன்றாவதை 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் குஜராத் கொடுத்தது. கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழித்து, டெஸ்டில் ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்த அடுத்த மாதம், பதினெட்டு வயதுப் பையனாக இருந்தபோது கிடைத்த அதே விலைக்கு அவர் திரும்பி வந்தார். இடையில் விலைவாசி எவ்வளவு ஏறியது, அணிகளின் பணப்பை எவ்வளவு பெருத்தது என்பதையெல்லாம் சேர்த்தால் அது விலைக்குறைப்பு என்றே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மயிலாடியில் கல்பட்டறைகளின் உளிச்சத்தம் அடங்கிய பிறகு டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட் பேச்சு ஆரம்பிக்கும். சுந்தர் பெயர் வந்துவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியாது. கல்லூரிப் பையன்கள் ஒரு கட்சி: “எல்லாம் தெரியும், எதுலயும் முழுசு இல்ல. பேட்டிங்னா சாய் சுதர்சன், சுழல்னா வருண் சக்கரவர்த்தி. இவரு நடுவுல எதுக்கு?” பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணாச்சிமார் எதிர்க்கட்சி: “லேய் மக்கா, எட்டே முக்கால் கோடி குடுத்து ஆள வாங்கி பெஞ்சுல உக்கார வச்சா அது அவன் குத்தமா?” இரண்டு பக்கமும் கையில் போனை வைத்துக்கொண்டு எண்களைக் காட்டித்தான் பேசுவார்கள். ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொள்வதால் முடிவு வருவதில்லை. எல்லா எண்களையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் செலவுப் பக்கம். ஐபிஎல்லில் ஏலத்தொகை என்பது ஒரு சீசனுக்கான சம்பளம். நான்கு வருஷம் வைத்திருந்தால் நான்கு முறை கொடுக்க வேண்டும்.

பெங்களூரு, 2018 முதல் 2021 வரை: 4 சீசன், 12.80 கோடி, 31 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 41 லட்சம்.
ஹைதராபாத், 2022 முதல் 2024 வரை: 3 சீசன், 26.25 கோடி, 18 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.46 கோடி.
குஜராத், 2025: 1 சீசன், 3.20 கோடி, 6 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 53 லட்சம்.

மூன்றையும் கூட்டினால் 42.25 கோடி, 55 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 77 லட்சம். 2017-இல் புனே அணிக்காக ஆடிய 11 ஆட்டங்களை இதில் சேர்க்கவில்லை. அப்போது அவர் ஏலத்தில் வரவில்லை. காயம்பட்ட அஸ்வினுக்கு மாற்றாக வந்தார். பதினேழு வயதில், இறுதிப்போட்டிக்குப் போகும் தகுதிச்சுற்றில், மும்பைக்கு எதிராக 16 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனும் ஆனார்.

ஹைதராபாத் வரியைப் பார்த்துத்தான் பையன்கள் “வீண்செலவு” என்கிறார்கள். எண்ணிக்கை அப்படித்தான் காட்டுகிறது. 2022-இல் 9 ஆட்டம், 101 ரன், 6 விக்கெட். 2023-இல் 7 ஆட்டம், 60 ரன், 3 விக்கெட், பிறகு தொடைத்தசைக் காயம். 2024-இல் 2 ஆட்டம், அவ்வளவுதான். அந்த 2024-இல் ஹைதராபாத் இறுதிப்போட்டி வரை போனது. 8.75 கோடி சம்பளக்காரர் கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார்.

2022-இல் காயம், 2023-இல் காயம் என்றால் அது ஆட்டக்காரர் பக்கத்துக் குறை. உடம்பு ஒத்துழைக்காததும் கணக்கில் வரும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2024-இல் 2 ஆட்டம் என்பது வாங்கியவர் பக்கத்து முடிவு. இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதி “ஆட்டத்துக்கு 1.46 கோடி” என்று சொல்வதில்தான் வாதத்தின் முதல் கோளாறு இருக்கிறது. ஆட்டத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு, ஆள் எவ்வளவு பெறுவான் என்பதைச் சொல்லாது. வாங்கியவர் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதை மட்டுமே சொல்லும்.

இதே கோளாறு ஒரே வேலை தெரிந்தவர்கள் கணக்கிலும் வரும். 2025-இல் நடராஜனை டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. அவர் ஆடியது 2 ஆட்டம். ஆட்டத்துக்கு 5.37 கோடிக்கு மேல். அதைக் காட்டி நடராஜனின் யார்க்கருக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. காயம், வாய்ப்பில்லை என்று விட்டுவிடுகிறோம். பல வேலை தெரிந்தவரிடம் மட்டும் அந்தப் பெருந்தன்மை நமக்கு வருவதில்லை.

இனி சரக்குப் பக்கம். மட்டையாளருக்கு ரன், பந்துவீச்சாளருக்கு விக்கெட் என்று நேராக வகுத்துவிடலாம். இரண்டும் செய்பவருக்கு என்ன செய்வது? ஹைதராபாத்தின் 2022 சம்பளத்தை ரன்னால் மட்டும் வகுத்தால் ரன்னுக்கு 8.66 லட்சம் வருகிறது. விக்கெட்டால் மட்டும் வகுத்தால் விக்கெட்டுக்கு 1.46 கோடி. ஒரே பணத்தை இரண்டு தரம் செலவழித்ததாக எழுதுவது அது, தப்பான கணக்கு. போனில் எண்களைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

எங்கள் ஊர் வாதத்தில் ஒரு வழி புழங்குகிறது: ஒரு விக்கெட்டுக்கு 25 ரன். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் விலை இவ்வளவு என்று எந்தச் சட்டமும் இல்லை. 20 என்று வைத்தாலும் 30 என்று வைத்தாலும் வரிசை பெரிதாக மாறாது என்பதால் 25-ஐயே எடுத்துக்கொள்கிறேன். 2025 சீசனுக்கு, தமிழ்நாட்டுக்காரர்களோடு வேறு இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டால் இப்படி வருகிறது:

விஜய் சங்கர், சென்னை: 1.20 கோடி, 118 ரன். ரன்னுக்கு 1.02 லட்சம்.
குருணால் பாண்டியா, பெங்களூரு: 5.75 கோடி, 109 ரன், 17 விக்கெட், சேர்த்து 534. ரன்னுக்கு 1.08 லட்சம்.
சாய் சுதர்சன், குஜராத்: 8.50 கோடி, 759 ரன். ரன்னுக்கு 1.12 லட்சம்.
வாஷிங்டன் சுந்தர், குஜராத்: 3.20 கோடி, 133 ரன், 2 விக்கெட், சேர்த்து 183. ரன்னுக்கு 1.75 லட்சம்.
வருண் சக்கரவர்த்தி, கொல்கத்தா: 12 கோடி, 17 விக்கெட், விக்கெட் கணக்கில் மட்டும் 425. ரன்னுக்கு 2.82 லட்சம்.
அஸ்வின், சென்னை: 9.75 கோடி, 33 ரன், 7 விக்கெட், சேர்த்து 208. ரன்னுக்கு 4.69 லட்சம்.
வெங்கடேஷ் ஐயர், கொல்கத்தா: 23.75 கோடி, 142 ரன். ரன்னுக்கு 16.7 லட்சம்.

சாய் சுதர்சன் அந்த வருஷம் அதிக ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியவர். அவருக்கு இணையான விலையில் சரக்கு கொடுத்தவர், இரண்டு வேலையும் தெரிந்த குருணால் பாண்டியா. இறுதிப்போட்டியில் 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் விருதும் அவரே வாங்கினார். அவரை பெங்களூரு சீசன் முழுக்க ஆட வைத்தது, பந்தையும் கையில் கொடுத்தது. சுந்தர் 15 ஆட்டத்தில் 6 மட்டும் ஆடியும் 1.75 லட்சத்தில் நிற்கிறார். இதே வேகத்தில் 12 ஆட்டம் ஆடியிருந்தால் அந்த எண் பாதியாகி, 90 ஆயிரத்துக்கும் கீழே போயிருக்கும். இந்தப் பட்டியலிலேயே மலிவானவர் அவராக இருந்திருப்பார். இருந்திருந்தால் என்ற கணக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஆறு ஆட்டத்தில் அவர் அடித்த வேகம் நூறு பந்துக்கு 166. ஹைதராபாத்துக்கு எதிராக 29 பந்தில் 49. மும்பைக்கு எதிரான வெளியேற்றச் சுற்றில் 24 பந்தில் 48. அன்று பும்ராவின் யார்க்கர் அவர் ஸ்டம்பைப் பெயர்த்தபோதுதான் ஆட்டம் மும்பை பக்கம் சாய்ந்தது.

அந்த சீசன் தொடங்கிய நாட்களில், இந்திய அணியின் 15 பேரில் இருப்பவருக்குப் பத்து ஐபிஎல் அணிகளில் ஒன்றில்கூட இடம் கிடைக்காதது மர்மமாக இருக்கிறது என்று ஒரு ரசிகர் எழுதினார். தனக்கும் அதே யோசனைதான் என்று கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை பதில் எழுதினார். மயிலாடி டீக்கடையில் அந்தப் பதில் ஒரு வாரம் ஓடியது.

உட்கார வைத்தால் ஆட்டக்காரருக்கும் நஷ்டம் உண்டு. 2025 முதல் ஓர் ஆட்டத்துக்கு 7.50 லட்சம் என்று தனி ஆட்டக்கூலி வந்தது. 14 லீக் ஆட்டமும் ஆடினால் 1.05 கோடி. ஆறு ஆட்டத்துக்கு 45 லட்சம். 23.75 கோடிக்காரருக்கு இது சில்லறை. 3.20 கோடிக்காரருக்குச் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்தப் பணத்தில் இருக்கிறது.

பெஞ்சுக்கு ஒரு பெரிய காரணம் 2023-இல் வந்த ‘இம்பாக்ட் ப்ளேயர்’ விதி. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். முதலில் மட்டை பிடிக்க ஒரு முழு மட்டையாளர், பிறகு பந்துவீச ஒரு முழுப் பந்துவீச்சாளர். பாதி அது, பாதி இது என்று ஒருவரைத் தேட வேண்டிய அவசியம் அணிக்குப் போய்விட்டது. 2024 ஏப்ரலில் ரோகித் சர்மா இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பந்துவீச வாய்ப்பு கிடைக்காதவர்கள் என்று அவர் எடுத்துச் சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று வாஷிங்டன் சுந்தர், இன்னொன்று சிவம் துபே. அப்போதைய இந்திய அணித்தலைவரே சொன்ன பிறகும் விதி நீடிக்கிறது. உலகக் கோப்பையில் அந்த விதி கிடையாது, அங்கே ஆல்ரவுண்டர் வேண்டும். அந்த ஆல்ரவுண்டர் வளர வேண்டிய இடத்தில் அவருக்கு வேலையில்லை. இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன்.

ஏலத்தில் ‘வகை’ என்ற கட்டம் எவ்வளவு பேசுகிறது என்பதற்கு 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலம் சாட்சி. ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் மட்டையும் பிடிப்பார், வேகமாகப் பந்தும் வீசுவார். பட்டியலில் அவர் பெயர் மட்டையாளர் வரிசையில் இருந்தது. மேலாளர் தவறான கட்டத்தைத் தேர்ந்துவிட்டார் என்று அவரே விளக்கம் சொன்னார். கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. 23.75 கோடியில் இருந்த வெங்கடேஷ் ஐயர் அதே ஏலத்தில் 7 கோடிக்கு பெங்களூரு போனார்.

சொந்த மாநிலத்திலும் நிலைமை வேறில்லை. 2023-இல் தமிழ்நாடு பிரிமியர் லீகின் முதல் ஏலத்தில் சாய் சுதர்சனுக்கு 21.60 லட்சம். அப்போது ஐபிஎல்லில் அவர் சம்பளமே 20 லட்சம்தான். இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டமும் ஆடி முடித்திருந்த வாஷிங்டன் சுந்தருக்கு மதுரை கொடுத்தது 6.75 லட்சம். இந்திய அணி அழைப்பு இருப்பவர் லீக் முழுக்க வருவாரா என்ற கேள்வி அந்த விலையில் உண்டு. அதைக் கழித்தாலும் மூன்று மடங்கு இடைவெளி கூடுதல்தான்.

இதுவரை எழுதியது இருபது ஓவர் கணக்கு. இப்போது வெள்ளைச் சட்டைக் கணக்கு.

ஒரு டெஸ்ட் ஆட்டத்துக்கு கிரிக்கெட் வாரியம் கொடுக்கும் கூலி 15 லட்சம். 2025 இங்கிலாந்துத் தொடரில் சுந்தர் 4 டெஸ்ட் ஆடினார், 60 லட்சம். அதில் அவர் கொடுத்தது 284 ரன், சராசரி 47-க்கு மேல், கூடவே 7 விக்கெட். 2022-இல் 8.75 கோடிக்கு ஹைதராபாத்துக்குக் கிடைத்த 101 ரன்னையும் 6 விக்கெட்டையும் இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாரிய ஒப்பந்தத்தில் அவர் இருந்த சி பிரிவுக்கு ஆண்டுக்கு 1 கோடி. அதை முழுசாகச் சேர்த்தாலும் 1.60 கோடிதான்.

அந்தத் தொடரில் மான்செஸ்டர் டெஸ்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பல வேலை தெரிந்தவரை அணிகள் எப்படி நடத்துகின்றன என்பது முழுக்க அந்த ஐந்து நாளில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் சுந்தர் கையில் பந்து முதன்முதலாக வந்தது 69-வது ஓவரில். அதுவரை 68 ஓவர் அவர் வேலி ஓரம் நின்றார். வந்ததும் போப்பையும் புரூக்கையும் அடுத்தடுத்து எடுத்தார். அதற்குள் இங்கிலாந்து வெகுதூரம் போய்விட்டது, கடைசியில் 311 ரன் முன்னிலை. இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் முதல் ஓவரிலேயே ரன் எதுவும் எடுக்காமல் 2 விக்கெட் போனது. பந்த் காலில் எலும்பு முறிவோடு இருந்தார். ராகுல் 90-இல் போன பிறகு ஐந்தாவது இடத்தில் சுந்தரை அனுப்பினார்கள். தொடர் முழுக்கப் பின்வரிசையில் இறங்கியவரை, கட்டாயம் வந்ததும் முன்னால் தள்ளினார்கள்.

அவர் 206 பந்து ஆடினார், 101 ரன், ஆட்டமிழக்கவில்லை. ஜடேஜா 185 பந்தில் 107, அவரும் ஆட்டமிழக்கவில்லை. இருவரும் சேர்த்தது 203. ஸ்டோக்ஸ் கைகுலுக்கி ஆட்டத்தை முடிக்கக் கேட்டபோது ஜடேஜா 89, சுந்தர் 80. இருவரும் மறுத்துவிட்டுத் தொடர்ந்து ஆடினார்கள். அந்த மறுப்பைப் பண்பாடு இல்லை என்று சிலர் பேசினார்கள். நாள் முழுக்கப் பந்தை உடம்பில் வாங்கி நின்றவர்களுக்கு அந்த நூறு உரிமையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 143 ஓவர், 4 விக்கெட்டுக்கு 425, டிரா. தொடர் 2-2 என்று முடிந்ததற்கு அந்த டிராதான் அடிப்படை. கடைசி டெஸ்டில் ஓவலில் இந்தியா ஜெயித்தது 6 ரன்னில். அதில் சுந்தர் இரண்டாவது இன்னிங்ஸில் 46 பந்தில் அடித்த 53 இருக்கிறது. ஆறு ரன்னில் ஜெயித்த ஆட்டத்தில் ஐம்பத்து மூன்றை என்ன விலைக்கு எழுதுவது?

அவருடைய டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியதும் இப்படி ஒரு ஓட்டையை அடைக்கத்தான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் அஸ்வினுக்குக் காயம், ஜடேஜாவுக்குக் காயம். வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காகத் தங்கவைக்கப்பட்டிருந்தவரை இறக்கினார்கள். முதல் இன்னிங்ஸில் 89 ரன்னுக்கு 3 விக்கெட், அதில் ஸ்மித் விக்கெட்டும் ஒன்று. இந்தியா 186-க்கு 6 என்று நின்றபோது ஷர்துலோடு சேர்ந்து 123 ரன். அதில் இவர் பங்கு 62. ஐந்தாம் நாள் 328-ஐத் துரத்தும்போது 29 பந்தில் 22. அந்த 22 பல பேருக்கு ஞாபகமில்லை. பந்த் ஒரு பக்கம் நின்றாலும், ஓவர்கள் கரைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் கம்மின்ஸைச் சிக்ஸருக்குத் தூக்கியது இவர்தான். 32 வருஷம் அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா டெஸ்ட் தோற்றதில்லை, அன்று தோற்றது.

2017-இல் புனே, 2021-இல் காபா, இரண்டிலும் அஸ்வினின் காயம் இவருக்குக் கதவைத் திறந்தது. 2024 அக்டோபரில் புனே டெஸ்டுக்கு, தொடரின் நடுவில் அழைத்துக் குல்தீப் இடத்தில் ஆட வைத்தார்கள். 59 ரன்னுக்கு 7, 56 ரன்னுக்கு 4. இந்தியா தோற்ற ஆட்டம் அது, 113 ரன்னில். தோற்ற ஆட்டத்தில் எடுத்த 11 விக்கெட்டை ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அடுத்த மாதம் பெர்த்தில் ஒரே ஒரு சுழல் பந்துவீச்சாளராக இவரையே தேர்ந்தார்கள். 536 டெஸ்ட் விக்கெட்டோடு அஸ்வின் வெளியே இருந்தார், சில வாரங்களில் அதே காபாவில் ஓய்வை அறிவித்தார்.

பல வேலை தெரிவது சாபமாகவும் ஆகும். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவரை மூன்றாவது இடத்தில் இறக்கினார்கள், டிராவிட்டும் புஜாராவும் நின்ற இடம். பந்து எங்கே திரும்பும், எங்கே எழும் என்று தெரியாத ஆடுகளத்தில் 29-உம் 31-உம். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா எடுத்த மொத்தமே 93, அதில் அதிகம் இவருடைய 31. ஆட்டம் முழுக்க இவருக்குக் கொடுத்த பந்துவீச்சு ஒரே ஒரு ஓவர். அடுத்த டெஸ்ட் குவாஹாட்டியில் எட்டாவது இடம், அங்கே 48. அடுத்தடுத்த இரண்டு டெஸ்டில் மூன்றிலிருந்து எட்டு. இப்படி இடம் மாற்றினால் எந்த மட்டையாளருக்குக் கால் ஊன்றும்?

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் இந்த வலியை முன்பே அனுபவித்திருக்கிறார். விஜய் சங்கர் பிறந்தது திருநெல்வேலி, எங்களுக்கு அடுத்த மாவட்டம். 2019 உலகக் கோப்பைக்கு அவரைத் தேர்ந்தபோது தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் சொன்ன காரணம், மட்டை, பந்து, களத்தடுப்பு என்று மூன்று பரிமாணம். 47 என்ற ஒருநாள் சராசரியோடு வெளியே விடப்பட்ட அம்பத்தி ராயுடு, உலகக் கோப்பை பார்க்க ‘த்ரீடி’ கண்ணாடி வாங்கியிருப்பதாக எழுதினார். அன்றிலிருந்து அந்த இரண்டு எழுத்து விஜய் சங்கரைவிட்டுப் போகவில்லை. உலகக் கோப்பையில் அவர் ஆடியது 3 ஆட்டம், 58 ரன். பந்துவீசியது ஒரே ஆட்டத்தில், 5.2 ஓவர். அதுவும் புவனேஷ்வர் குமார் பாதி ஓவரில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதால் மிச்சம் இருந்த இரண்டு பந்தை முடிக்க அழைத்தார்கள். உலகக் கோப்பையில் அவர் வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக் அவுட். 22 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தவருக்கு மற்ற இரண்டு ஆட்டத்தில் பந்தே கொடுக்கவில்லை. மூன்று பரிமாணம் என்று சொல்லி எடுத்துப் போய் ஒன்றை மட்டும் கேட்டார்கள், அந்த ஒன்றை வைத்து மூன்றையும் கேலி செய்தார்கள்.

அவர் கணக்கில் இன்னொரு ஜோடி எண் இருக்கிறது. குஜராத்தில் 2022, 2023 இரண்டு சீசனுக்கும் ஒரே சம்பளம், 1.40 கோடி. முதல் சீசனில் 4 ஆட்டம், 19 ரன்: ரன்னுக்கு 7.37 லட்சம். அடுத்த சீசனில் 14 ஆட்டம், 301 ரன், நூறு பந்துக்கு 160: ரன்னுக்கு 46,500 ரூபாய். ஆளும் மாறவில்லை, அணியும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. இரண்டாவது வருஷம் தொடர்ந்து ஆட வைத்தார்கள். 2025-26 சீசனுக்கு அவர் தமிழ்நாட்டை விட்டு திரிபுராவுக்குப் போய்விட்டார். இது நமக்கு நஷ்டக் கணக்கு.

இந்த வாதம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதில்லை. ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய சொந்தக் கால்பந்தாட்டம் ஒன்று உண்டு, களத்தில் ஓர் அணிக்கு 18 பேர். அங்கே ஜீலாங் கிளப்பில் மார்க் பிளிகாவ்ஸ் என்பவர். ஸ்டீபிள்சேஸ் ஓட்டப் பந்தயத்திலிருந்து இந்த ஆட்டத்துக்கு வந்தவர். பந்தை மேலே எறிந்ததும் தாவித் தட்டும் வேலைக்கும் நிறுத்தினார்கள், நடுக்களத்திலும் நிறுத்தினார்கள், தற்காப்பிலும் நிறுத்தினார்கள். எந்த இடத்து ஆள் இவர் என்ற பேச்சு அவர் பின்னாலேயே வந்தது. அந்தக் கிளப் அவரை வெளியே வைக்கவில்லை. 2015-இலும் 2018-இலும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் அவருக்குப் போனது, 2022-இல் ஜீலாங் கோப்பை வென்றபோதும் அணியில் இருந்தார். இடம் மாற்றினார்கள், ஆனால் ஆட வைத்துக்கொண்டே மாற்றினார்கள்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கு இது புதிதில்லை. பெரிய பட்டறையில் கல் பிளக்க ஒருவர், உருவம் கொத்த ஒருவர், முகம் செதுக்க ஒருவர், மெருகு போட ஒருவர் என்று ஆள் இருக்கும். எல்லா வேலையும் தெரிந்த ஒருவரும் இருப்பார். முகம் செதுக்குகிறவருக்குத்தான் கூலி அதிகம். ஆனால் யார் வராத நாளிலும் வேலை நிற்காமல் போவது அந்த இன்னொருவரால். அவருக்கு வேலையில்லாத நாள் என்று எந்தப் பட்டறையிலும் கிடையாது. டீக்கடை அண்ணாச்சிமார் சுந்தர் பக்கம் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பையன்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாய் சுதர்சன் மாதிரி ஒரு சீசனில் 759 ரன் சுந்தர் எடுக்கப்போவதில்லை. வருண் மாதிரி மட்டையாளரைக் குழப்பும் மாயப்பந்தும் இவரிடம் இல்லை. 2020-இல் பெங்களூருவுக்காக 15 ஆட்டத்தில் 8 விக்கெட்தான், விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாதாரணம். ஆனால் அந்த சீசனில் ஓவருக்கு 5.96 ரன்தான் கொடுத்தார். எட்டு ரன் போகும் ஆட்டத்தில் நான்கு ஓவர் போட்டால் எட்டு ரன் மிச்சம், அதுவும் ஃபீல்டர்கள் உள்ளே நிற்கும் முதல் ஆறு ஓவரில். 25 ரன் கணக்கில் இந்த மிச்சம் வராது. மிச்சப்படுத்திய ரன்னை எழுத ஸ்கோர்கார்டில் கட்டம் கிடையாது.

எல்லாவற்றையும் எழுதிப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. 2022-இல் கொடுத்த 8.75 கோடி அதிகம், அன்றைய அவர் உடல்நிலைக்கு அது தாங்காத விலை. 2025-இல் கொடுத்த 3.20 கோடி மிகக் குறைவு. இன்று அவர் விலை இந்த இரண்டுக்கும் நடுவில், ஆறு கோடிக்கு அருகில் இருக்க வேண்டும், குருணால் பாண்டியாவுக்குக் கொடுத்ததைப் போல. அதைவிட முக்கியம், எந்த அணி எடுத்தாலும் ஆறாவது இடமோ ஏழாவது இடமோ ஒன்றைக் கொடுத்து, முதல் ஆறு ஓவரில் இரண்டை அவர் கையில் கொடுத்து, பதினான்கு ஆட்டமும் ஆட வைக்க வேண்டும்.

டீக்கடையில் வாதாடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போனை எடுத்து அவருடைய ரன்னையும் விக்கெட்டையும் காட்டும்போது, அன்று அவருக்கு எத்தனை ஓவர் கொடுத்தார்கள், எந்த இடத்தில் இறக்கினார்கள் என்ற இரண்டு எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.